பழைய புல்லட்டுக்கு எண்ணெய் தேர்தலும் மாற்றலும்

கட்டைவண்டி ஓட்டுவோர் நெடுவழி புறப்படுமுன், வைக்கோலைச் சுட்டெடுத்த கரியை விளக்கெண்ணெயிலே குழைத்து, மசகு என்னும் அம்மையை அச்சிற் பூசுவது நம் நாட்டுப் பழைய வழக்கம். மசகிடாத வண்டி தெரு முழுதும் கேட்கக் கீச்சிட்டுக்கொண்டு செல்லும், காளைகள் இளைக்கும், அச்சும் குடமும் தேயும். அம்மசகு செய்த தொழிலையே மோட்டார் சைக்கிளின் வயிற்றினுள் எண்ணெய் செய்துவருகின்றது. வேறுபாடு யாதெனின், கட்டைவண்டி தன் குறையைக் கூவி அறிவிக்கும். மோட்டார் வண்டியோ பெரும்பாலும் வாய் திறவாது தேய்ந்துகொண்டே செல்லும். அது வாய் திறக்குங்கால் எண்ணெய் ஊற்றித் தீர்க்கும் நிலை கடந்திருக்கும்.

நம் மாணவருட் சிலர் தந்தையாரோ பாட்டனாரோ ஓட்டிய வண்டிகளை இன்றும் விடாது போற்றிவருகின்றனர். எவ்வெண்ணெய் ஊற்றுவது, எப்பொழுது மாற்றுவது என்னும் இரண்டு வினாக்களே அவர்கள் நாவில் முதற்கண் எழுவன. பட்டறைக்குப் பட்டறை விடை வேறுபடுதலின் அவர்கள் மயங்குவதும் இயல்பே. காரணம் அறிந்தார்க்கு அம்மயக்கம் பெரும்பாலும் நீங்கும் என்பது எம் துணிபாதலின், காரணத்தோடு சேர்த்தே இங்கு எழுதப் புகுந்தோம்.

பழைய மோட்டார் சைக்கிள் எனப் பொதுப்படக் கூறப் புகின் பேச்சுக்கு வரம்பிராது. ஆதலின் நம்மிடையே மிகுதியாக எஞ்சியுள்ள ராயல் என்பீல்டு புல்லட் ஒன்றனையே எடுத்துக்கொள்வாம். இங்கிலாந்தில் ரெட்டிச்சு என்னும் ஊரிலே பிறந்த இவ்வண்டியைச் செய்வதற்கென 1955-ஆம் ஆண்டில் சென்னையிலே என்பீல்டு இந்தியா என்னும் கம்பெனி நிறுவப்பட்டது. பின்னர்த் தாய்நாட்டில் அத்தொழில் 1970-ஆம் ஆண்டளவில் ஒழிந்துபோகவும், திருவொற்றியூரில் மட்டும் அது நின்றபாடில்லை. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் உடைய, 346 கன சென்டிமீட்டர் கொள்ளும் வார்ப்பிரும்புச் சிலிண்டர் எஞ்சினே ஈண்டு எம் பொருள். 2008-ஆம் ஆண்டை ஒட்டிப் புகுந்த புதிய எஞ்சின் பெயரால் ஒன்றாயினும் உள்ளமைப்பால் வேறு. அவ்வேற்றுமை எண்ணெய் விஷயத்தில் மிக முக்கியமாதலின் அதனைப் பின்னர்க் கூறுவோம்.

எண்ணெய் யாது செய்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வழவழப்பாக்குகின்றது என்று கூறி நிறுத்துவார் பலர். அது போதாது. 1883-ஆம் ஆண்டில் பீச்சம் டவர் என்னும் ஆங்கிலப் பொறியறிஞர், சுழலும் அச்சின்மீது அமர்ந்த தாங்கி ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெயிடுவதற்காக அத்தாங்கியின் உச்சியில் ஒரு துளை இட்டார். எண்ணெய் உள்ளே இறங்கும் என எதிர்பார்த்திருக்க, அச்சுச் சுழன்றவுடன் அது துளை வழியே மேலே பொங்கி வழிந்தது. துளையை அடைப்பான் கொண்டு மூடினார்; அடைப்பானையும் எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. அழுத்தமானி வைத்துப் பார்த்தபோது, தாங்கி சுமந்த பாரத்தின் சராசரி அழுத்தத்தினும் மிக்க அழுத்தம் எண்ணெயினுள்ளே பிறந்திருத்தல் புலனாயிற்று. அதாவது அச்சு தாங்கியைத் தொடவேயில்லை. எண்ணெயின்மேல் மிதந்து நின்றது! இதன் கணிதக் காரணத்தை மான்செஸ்டரில் ஆசிரியராயிருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-ஆம் ஆண்டில் விளக்கினார். சுழலும் அச்சு தன்னோடு ஒட்டிய எண்ணெயை ஆப்புப்போற் குறுகிச் செல்லும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கின்றது. இடம் குறுகக் குறுக அழுத்தம் ஏறுகின்றது. அவ்வழுத்தமே பாரத்தைத் தாங்குகின்றது.

இதனாற் பெறப்படுவது ஒன்று உண்டு. எண்ணெய் மிக மெலிதாயின் ஆப்பினுள் நில்லாது ஒழுகிவிடும். இரும்பு இரும்பைத் தொடும். மிகத் தடிப்பாயின் குறுகிய வழிகளிற் செல்லாது. சென்றவிடத்தும் சுழற்சிக்கு வீண் தடையாய் வெப்பத்தைப் பெருக்கும். ஆகவே எண்ணெய் தேர்தலாவது பெரும்பாலும் பாகுநிலை தேர்தலே.

புல்லட்டில் இவ்வெண்ணெய் செல்லும் வழியையும் சிறிது நோக்குவாம். எண்ணெய்க்கெனத் தனித்தொட்டி வெளியே தொங்குவதில்லை. கிராங்கறையோடு ஒன்றாய் வார்க்கப்பட்ட அறையே தொட்டி. ஆயினும் சுழலும் கிராங்கு அவ்வெண்ணெயில் மூழ்கிக் கிடப்பதன்று. இரண்டு பம்புகள் உள. ஒன்று தொட்டியினின்றும் எடுத்து வடிகட்டி வழியே, பட்டறையார் பிக் எண்டு என வழங்கும் கனெக்டிங் ராடின் பெருந்தலைக்கு ஊட்டும். மற்றது கிராங்கறையின் அடியில் வழிந்து சேர்ந்ததை மீட்டுத் தொட்டிக்கு அனுப்பும். சிலிண்டர்த் தலையிலுள்ள ராக்கர்களுக்கும் மெல்லிய குழாய்கள் வழியே ஒரு பங்கு செல்லும். மீட்கும் பம்பு ஊட்டும் பம்பினும் வலிது. இல்லையேல் கிராங்கறை நிரம்பிப்போம். பெருந்தலையிலே பழைய வண்டிகளுக்கு உருளைகள் இல்லை. மிதக்கும் புஷ் ஒன்றே உண்டு. டவர் கண்ட எண்ணெய்ப்படலமே அதற்கு உயிர். படலம் அறுந்தால் புஷ் சிதையும். அதனை மாற்றுவதற்கு எஞ்சினை முழுதும் இறக்கி, கிராங்கைப் பிளந்து, மீண்டும் அழுத்தி நேர்கோட்டில் நிறுத்தல் வேண்டும். அவ்வேலையைத் திருத்தமாய்ச் செய்யும் கைகள் ஊர்தோறும் இல்லை. இரண்டு லிட்டர் எண்ணெயைப் பற்றி இத்துணை எழுதுவானேன் என வினவுவார்க்கு இதுவே எம் விடை.

இனி எண்ணெய்ப் பாத்திரத்தின்மேற் காணும் எண்களைப் பார்ப்போம். எஸ்.ஏ.இ. என்பது அமெரிக்க நாட்டு மோட்டார்ப் பொறியறிஞர் சங்கத்தின் குறி. அச்சங்கம் 1911-ஆம் ஆண்டில் எண்ணெய்களைப் பாகுநிலைப்படி வகுக்கத் தொடங்கியது. 40, 50 என்னும் எண்கள் வெப்ப அளவுகள் அல்ல. விலையோ தரமோ குறிப்பனவும் அல்ல. 100 பாகை செல்ஷியஸ் வெப்பத்தில் ஓர் எண்ணெய் எத்துணைத் தடிப்பாய் நிற்கும் என்பதையே குறிக்கும். அறை வெப்பத்து நீரின் பாகுநிலை ஏறத்தாழ 1 சென்டிஸ்டோக்கு எனக் கொண்டால், 40 என்னும் வகுப்பு எண்ணெய் 100 பாகையில் 12.5 முதல் 16.3 வரையிலும், 50 என்னும் வகுப்பு 16.3 முதல் 21.9 வரையிலும் நிற்கும். அதே 50 எண்ணெய் நம்மூர்க் கோடைப் பகலின் 40 பாகையில் 150-க்கும் மேற்பட்டு நிற்பது. வெப்பம் ஏற ஏற எண்ணெய் எவ்வளவு விரைவில் இளகுகின்றது என்பதை இதனால் அறிக.

20-டபிள்யூ-50 என இரண்டு எண் உள்ளதில், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. கடுங்குளிரில் எஞ்சினை உதைத்துக் கிளப்ப எண்ணெய் இடந்தருமா என்பதை முன்னெண் சொல்லும். 20 என்னும் முன்னெண்ணுக்குரிய சோதனை நீருறை நிலைக்கும் கீழே 15 பாகையில் நிகழ்வது. உதகையிலே உறைபனி விழும் வைகறையிலும் அக்குளிர் வருவதில்லை. ஆகவே 5, 10 என முன்னெண் குறைந்த எண்ணெய்க்கு மிகுபணம் கொடுத்து நம் சமவெளியில் வண்டி ஓட்டுவார் இமயமலைச் சாரலுக்கு வேண்டுவதைத் திருநெல்வேலியில் வாங்குகின்றனர் என்றே சொல்லல் வேண்டும்.

காற்றாற் குளிரும் வார்ப்பிரும்பு எஞ்சினில் வெப்பம் மிகுதி. பழைய வண்டியில் இடைவெளிகளும் தேய்ந்து அகன்றிருக்கும். ஆதலின் 20-டபிள்யூ-50 என்னும் கனிய எண்ணெயே இதற்கு ஏற்றது என்பது எம் கருத்து. ஒற்றை எண்ணுடைய 40 அல்லது 50 எண்ணெயும் சமவெளியில் தீங்கில்லை. முற்காலத்தார் அதனையே ஊற்றி நெடுங்காலம் ஓட்டினர். இரட்டை எண் எண்ணெயில் நெடுஞ்சங்கிலி போன்ற மூலக்கூறுகள் கலந்திருக்கும். வெப்பத்தில் அவை விரிந்து எண்ணெய் அளவுக்கு மீறி இளகாவண்ணம் தடுக்கும். கியர்ப்பற்கள் அச்சங்கிலிகளை நாளடைவில் வெட்டிவிடும் என்பதொரு குறை உண்டு. பழைய புல்லட்டில் கியர்ப்பெட்டி வேறாயிருத்தலின் அக்குறை இங்கே பெரிதன்று.

விளக்கெண்ணெயைப் பற்றி இடையிலே ஒரு சொல். நம் பாட்டிமார் குழந்தைக்குப் புகட்டிய அவ்வாமணக்கெண்ணெயே முற்காலத்துப் பந்தய வண்டிகளுக்கும், முதல் உலகப்போர்க் காலத்து ஆகாய விமானங்கள் சிலவற்றுக்கும் மசகாயிருந்தது. உலோகத்தை இறுகப் பற்றும் குணமும், பெட்ரோலில் எளிதிற் கரையாத குணமும் அதற்கு உண்டு. காஸ்ட்ரால் என்னும் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரினின்றும் 1909-ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. ஆயினும் சூடேறிய விளக்கெண்ணெய் நாளடைவிற் பிசினாய் இறுகிவிடும். கனிய எண்ணெயோடு செவ்வனே கலவாது. பழைமையைப் போற்றும் ஆர்வத்தால் எவரும் அதனைப் புல்லட்டினுள் ஊற்ற முற்படற்க. கட்டைவண்டிக்கு அது போதும்.

ஏ.பி.ஐ. என்னும் குறியின்பின் எஸ் என்னும் எழுத்தோடு மற்றோர் எழுத்து வரும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் இவ்வகுப்பு எஸ்.ஏ. எனத் தொடங்கி அகரவரிசைப்படி ஏறிச்செல்வது. 2020-ஆம் ஆண்டில் எஸ்.பி. என்பது வந்தது. எழுத்து ஏற ஏற எண்ணெயிற் சேர்க்கும் மருந்துகள் மேம்படும். முதல் வகுப்பாகிய எஸ்.ஏ. மருந்தொன்றும் இல்லாத வெற்றெண்ணெய். 1930-ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட பெரும்பாலான எஞ்சின்களுக்கு அது ஆகாதென அக்கழகத்தாரே கூறுவர். எனவே பழைய வண்டிக்குப் பழைய வகுப்பு எண்ணெயே வேண்டும் எனத் தேடி அலைவது வீண்.

இதற்கு மாறாகப் புதிய எண்ணெய் பழைய எஞ்சினை அரித்துவிடும் என்றோர் அச்சமும் உலவுகின்றது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. துத்தநாகமும் பாஸ்பரமும் சேர்ந்த ஒரு மருந்து, படலம் அறும் நொடியில் உலோகத்தின்மேல் மெல்லிய காப்பாய்ப் படியும். காமும் டாப்பெட்டும் உராயும் இடத்தில் அது பெரிதும் உதவும். புதிய மோட்டார் வண்டிகளின் புகைபோக்கியிலுள்ள தூய்மையாக்கும் கருவியைப் பாஸ்பரம் கெடுத்தலின், அதன் அளவை நூற்றுக்கு 0.08 பங்காகக் குறைத்தனர். ஆயினும் அக்கட்டுப்பாடு 5-டபிள்யூ-30, 10-டபிள்யூ-30 போன்ற மெல்லிய வகுப்புகளுக்கே உரியது. 20-டபிள்யூ-50 அதனுள் அடங்காது. ஆகவே தடித்த எண்ணெய் ஊற்றும் புல்லட்காரர் இது குறித்துத் துயில் இழக்க வேண்டுவதில்லை.

இனிப் பெரிதும் குழப்பம் விளைக்கும் விஷயத்துக்கு வருவோம். அது கிளச்சு. எண்ணெயில் நனைந்த கிளச்சுத் தட்டுகள் ஒன்றையொன்று பற்றுதல் வேண்டும். அளவுக்கு மீறி வழவழப்பூட்டும் மருந்து கலந்த எண்ணெயாயின் அவை வழுக்கும். இதனை அறிந்தே ஜப்பானியர் 1998-ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள்களுக்கென ஜாசோ என்னும் தனிக்குறியை வகுத்தனர். எம்.ஏ. என்பது நனைந்த கிளச்சுக்கு ஏற்றது, எம்.பி. என்பது எண்ணெய் தொடாத கிளச்சுடைய ஸ்கூட்டர் முதலியவற்றுக்கு உரியது. புதிய எஞ்சின் புல்லட்டில் எஞ்சின், கிளச்சு, கியர் மூன்றும் ஒரே எண்ணெயிற் குளிக்கின்றன. அதற்கு ஜாசோ எம்.ஏ. குறி இன்றியமையாதது. பழைய எஞ்சினிலோ மூன்றும் தனித்தனி அறைகளில் வாழ்வன. எஞ்சின் எண்ணெய் கிளச்சைத் தொடுவதேயில்லை. எனவே மோட்டார் காருக்கென விற்கும் 20-டபிள்யூ-50 எண்ணெயைப் பழைய எஞ்சினில் ஊற்றுதல் குற்றமன்று. அதே எண்ணெயை இடப்புறத்துச் செயின் அறையில் ஊற்றும்பொழுதே ஆராய்தல் வேண்டும். எமக்குத் தெரிந்த ஒருவர் வண்டி ஏற்றத்திலே கூச்சலிட்டும் ஏறாது நின்றது. கிளச்சுத் தட்டு தேய்ந்ததென ஒரு பட்டறையிற் புதுத்தட்டுகள் மாற்றினர், பின்னும் வழுக்கியது. செயின் அறையில் ஊற்றியிருந்தது உராய்வு குறைக்கும் மருந்திட்ட கார் எண்ணெய். அதனை வடித்து, தட்டுகளைப் பெட்ரோலிற் கழுவி, எம்.ஏ. குறியுள்ள எண்ணெய் ஊற்றிய பின்னர் வண்டி ஏறிற்று. புதுத்தட்டுகளின் விலை வீண்செலவு.

செயற்கை எண்ணெயைப் பற்றியும் வினவுவர். அது கெடுதல் செய்யும் என்பது மிகை. வெப்பத்தைத் தாங்குவதில் அது கனிய எண்ணெயினும் மேம்பட்டதே. ஆயினும் அதன் சிறப்பு நெடுங்காலம் மாற்றாதிருக்கலாம் என்பது. பழைய புல்லட்டில் அந்நெடுங்காலத்துக்கு இடமில்லை. இதன் வடிகட்டி அடர்ந்த கம்பளியாலாயது. நுண்துகள் யாவற்றையும் பிடிக்காது. பிஸ்டன் வளையங்களைக் கடந்து எரிவாயு கீழிறங்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியின் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாய்ப் பிறக்கின்றது. அதில் ஒரு சிறு பங்கு கிராங்கறையிற் புகுந்து, எஞ்சின் நன்றாய்ச் சூடேறாதபோது அங்கேயே நீராய்த் தங்கும். வீட்டினின்று கல்லூரிக்கும், கல்லூரியினின்று கடைத்தெருவுக்கும் இரண்டு மைல் ஓட்டி நிறுத்துபவர் வண்டியில் எண்ணெய் மோர்போல் வெளுத்துக் காண்பது இதனாலேயே. நீரும் கரியும் பெட்ரோலும் கலந்து கெட்ட எண்ணெய் செயற்கையாயினும் கனியமாயினும் கெட்டதே. விலை குறைந்ததை வாங்கி அடிக்கடி மாற்றுதலே அறிவுடைமை. 2000 முதல் 3000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றுக. அத்துணைத் தூரம் ஓடாவிடினும் ஆறு திங்களுக்கு ஒருமுறை மாற்றுக என்போம். எஞ்சினைப் புதிதாய்ப் பிரித்துக் கூட்டியிருந்தால் முதல் 500 கிலோமீட்டரிலேயே மாற்றுதல் வேண்டும். தேய்ந்து படியும் இரும்புத்தூள் அப்பொழுதுதான் மிகுதி.

மாற்றும் முறையைக் கூறுவோம். வண்டியை ஒரு பத்து நிமிஷம் ஓட்டி வருக. குளிர்ந்த எண்ணெய் தடித்து நிற்கும்; அழுக்கும் அடியிற் படிந்து கிடக்கும். சூடேறியதோ அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். ஆயினும் கை பொறுக்குமளவுக்கு ஆறிய பின்னரே திருகைத் தொடுக. சமதளத்தில் நடு ஸ்டாண்டிலே நிறுத்தி, நிரப்பும் வாயின் மூடியை முதலிற் கழற்றுக. அடியிலே ஓர் அகன்ற தட்டு வைக்க. கிராங்கறையின் அடியில், பட்டறையார் டிரெயின் நட்டு என்பவை ஒன்றுக்கு மேற்பட்டு உண்டு. தொட்டிக்குரியதை மட்டும் கழற்றிவிட்டு எண்ணெய் மாறிற்று என எண்ணுவார் பலர். கிராங்கறைக்குரியதையும் கழற்றாவிடின் பழைய எண்ணெயில் ஒரு பங்கு உள்ளேயே நின்று புதியதைக் கெடுக்கும். நட்டுக்குச் சரியாய்ப் பொருந்தும் ஸ்பானரைக் கொள்க. பல்கடித்த ஸ்பானரும் சுத்தியலும் கொண்டு அதன் மூலைகளை உருட்டிய வண்டிகளே எங்கும் காணப்படுகின்றன.

எண்ணெய் வடிய அரைமணி நேரமேனும் விடுக. இக்காலத்தில் சாவியை அணைத்தே வைத்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைச் சிலமுறை மெல்ல உதைத்தால், பம்புகளிலும் துளைகளிலும் தங்கியதும் வந்துவிடும். அதற்கிடையில் வலப்புறத்து டைமிங் மூடியிலுள்ள வடிகட்டியைத் திறக்க. உள்ளேயிருந்து வருபவற்றை வந்த முறையிலேயே ஒரு துணிமேல் வரிசையாய் வைத்தல் நன்று. ஸ்பிரிங்கும் வாஷர்களும் முறை மாறிப் புகின் எண்ணெய் வடிகட்டியைக் கடவாது புறவழியே சென்றுவிடும், அன்றேல் மூடியில் ஒழுகும். கம்பளி வடிகட்டியைப் பெட்ரோலிற் கழுவி மீண்டும் இடுவார் உளர். எம் கருத்தில் அது இக்கட்டான காலத்துக்கு மட்டும் உரியது; புதியதன் விலை அற்பம்.

வடிந்த எண்ணெயை உடனே கொட்டிவிடற்க; அது வண்டியின் நாடிபோல்வது. ஒரு வெள்ளைத் துணியில் சிறிது தேய்த்து வெயிலிற் பார்க்க. கறுத்திருத்தல் குற்றமன்று, கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்ளுதல் எண்ணெயின் கடமைகளுள் ஒன்று. மோர்போல் வெளுத்திருப்பின் நீர். பெட்ரோல் நாறின் கார்புரேட்டர் மிதவையோ சோக்கோ சோதிக்கத்தக்கது. காந்தத்தில் ஒட்டும் மாப்போன்ற சாம்பல்நிறத் துகள் சிறிதளவு எல்லா எஞ்சினிலும் உண்டு. காந்தத்தில் ஒட்டாத, பித்தளை நிறமாய் மின்னும் செதில்கள் காணின் மட்டும் வண்டியை ஓட்டாது நிறுத்துக. அவை புஷ்களினின்று வருவன. அந்நிலையில் நிறுத்தினால் புஷ் ஒன்றோடு போகலாம். இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டினால் கிராங்கும் ராடும் பம்பும் சேர்ந்து போகும்.

நட்டுகளை மீட்டும் பூட்டுங்கால் வாஷர்களைக் கவனிக்க. செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் இறுகிவிடும். பின்னர் ஒழுக்கை அடைக்காது. அதனை அடுப்பில் செஞ்சூடாகக் காய்ச்சி நீரில் இட்டால் மீண்டும் மெதுவாகும். இரும்பு காய்ச்சி நனைத்தால் இறுகுவது போல் செம்பு இறுகாது என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். கிராங்கறை அலுமினியமாதலின் வலிமை காட்டித் திருகுதல் ஆகாது. ஒழுகுமோ என்னும் அச்சத்தால் காற்சுற்று மிகையாய் இறுக்கியவர், புரி அறுந்து, பின்னர் ஆயுள் முழுதும் ஒழுகலோடு வாழ்வர்.

இவ்வெஞ்சின் ஏறத்தாழ 2¼ லிட்டர் கொள்ளும். முதலில் 2 லிட்டர் ஊற்றி, சாவியின்றிப் பத்துப் பதினைந்து முறை உதைத்து, பம்பு எண்ணெயைப் பற்றச் செய்க. பின்னர்க் கிளப்பி, ஆக்ஸிலேட்டரை முறுக்காது மெல்ல ஓடவிடுக. ராக்கருக்குச் செல்லும் குழாயின் மேல்முனைத் திருகைச் சிறிது தளர்த்தினால் அங்கே எண்ணெய் கசியும். கசிந்தால் பம்பு வேலை செய்கின்றது, உடனே இறுக்கிவிடுக. ஓரிரு நிமிஷத்திலும் கசியாவிடின் எஞ்சினை அணைத்துக் காரணம் தேடுக. எல்லாம் நேராயின் சில நிமிஷம் ஓட்டி நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்து, குறைந்ததை நிரப்புக. வடிகட்டியின் அறை தனக்கென ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்குமாதலின் இரண்டாம் அளவையே மெய்யளவு.

ஈண்டு ஒன்றை அழுத்திக் கூறல் வேண்டும். பல நாள் நின்ற வண்டியில் டிப்ஸ்டிக்கை நம்பற்க. தொட்டியில் உள்ள எண்ணெய் பம்பின் நுண்ணிய இடைவெளி வழியே சொட்டுச் சொட்டாய்க் கிராங்கறைக்குள் இறங்கிவிடும். பார்ப்பவர்க்குத் தொட்டி காலியாய்த் தோன்றும். எண்ணெய் குறைந்தது என அஞ்சி மேலும் ஊற்றுவர். கிளப்பியவுடன் மீட்கும் பம்பு கீழிருந்ததையும் மேலேற்ற, கொள்ளளவு மீறிய எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே வெளிப்பட்டுத் தரையை நனைக்கும். புகைபோக்கியில் வெண்புகை எழும். பிஸ்டன் வளையம் போயிற்று எனப் பட்டறையார் சிலிண்டரைக் கழற்றத் தொடங்குவர். ஓட்டி நிறுத்தியபின் அளவு பார்ப்பவர்க்கு இத்துன்பம் இல்லை.

செயின் அறைக்கும் கியர்ப்பெட்டிக்கும் அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. செயின் அறை மூடியில் ஓர் அளவுத் திருகு உண்டு. அதனைக் கழற்றி, அத்துளையில் எண்ணெய் வழியத் தொடங்குமளவும் ஊற்றி நிறுத்துக. மிகையாய் ஊற்றினால் கிளச்சு வழுக்கும். நான்கு கியர் உடைய பழைய பெட்டிக்குக் கிரீசும் 90 என்னும் தடித்த எண்ணெயும் கலந்திடுவது நம் பட்டறை வழக்கம். எண்ணெய் மட்டும் இட்டால் அது முத்திரைகளிற் கசிந்து சாலைக்கே மசகாகும்.

வடித்த எண்ணெயை என் செய்வது? சாக்கடையில் ஊற்றுவாரும், கறையான் வாராதிருக்கக் கதவுநிலைகளிலும் வேலிக்கால்களிலும் பூசுவாரும் நம்மிடை மிகுதி. இரண்டும் தவறு. ஓடிய எண்ணெயில் எரிதலாற் பிறந்த நச்சுச் சேர்மங்கள் உள. எலிகளின் தோலிற் பூசிச் சோதித்தபோது புற்றுநோய் உண்டானது. பட்டறைப் பிள்ளைகள் முழங்கை வரை அதனில் நனைந்து நிற்பதைக் காணுந்தோறும் எமக்கு வருத்தமே. கையுறை இட்டுக்கொள்க, இன்றேல் வேலை முடிந்தவுடன் சோப்பிட்டுக் கழுவுக, கழுவுவதற்குப் பெட்ரோலைக் கொள்ளற்க. 2016-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்க விதிகள் ஓடிய எண்ணெயை அபாயக் கழிவாகவே வகுத்துள்ளன. உரிமம் பெற்றோர் அதனை வாங்கித் தூய்மைசெய்து மீண்டும் பயன்படுத்துவர். மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றி, அவ்வாறு சேர்த்து அனுப்பும் பெரிய பட்டறை ஒன்றில் ஒப்புவிப்பதே முறை. பெட்ரோலோ நீரோ அதனோடு கலக்கற்க. கலந்ததை அவர்கள் ஏற்க மறுப்பர்.

கோடை விடுமுறைக்கு வண்டியை நிறுத்திச் செல்லும் மாணவர், எண்ணெய் மாற்றும் தவணை அணித்தாயின், திரும்பி வந்து மாற்றலாம் எனத் தள்ளாது புறப்படுமுன்னரே மாற்றிவிடுக. பழைய எண்ணெயிலுள்ள நீரும் அமிலமும் இரண்டு திங்கள் அசையாது கிடந்து தாங்கிகளை அரிக்கும். மாற்றியபின் ஐந்தாறு மைல் ஓட்டி, புதிய எண்ணெய் எங்கும் படர்ந்த பின்னரே நிறுத்துக. திரும்பி வந்த நாளில், கிளப்புமுன் கிராங்கறை நட்டைத் தளர்த்தி இறங்கியிருக்கும் எண்ணெயைத் தூய பாத்திரம் ஒன்றில் வடித்து, அதனையே மேலே தொட்டியில் ஊற்றிவிட்டால், முதல் உதையிற் புகையும் இராது; கிக்கரும் காலை எதிர்த்து உதையாது.